தோட்டத்துச் சைக்கிளும் சஸ்பென்ஷன் சைக்கிளும்

தஞ்சோங் கிளிங் கடற்கரையை விட்டுச் சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா, அலோர் காஜா என்று உள்ளே போகப் போக, தார்ச் சாலையின் இரு பக்கமும் செம்மண் பாதைகள் பிரிந்துகொண்டே இருக்கும். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலம். இப்போது பெரும்பாலும் செம்பனை. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்களின் கறுப்பு இரும்புச் சைக்கிள்கள் ஓடிய இது போன்ற பாதைகளில்தான் இன்று ஞாயிறு காலைகளில் முன்னும் பின்னும் அப்சோர்பர் வைத்த மலைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஓட்டுகிற பிள்ளைகளில் பலர் லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின் குடும்பங்கள் பட்டணத்தை நோக்கி வந்தன. தஞ்சோங் கிளிங், பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைகளில் வேலை கிடைத்தது. தாத்தாவுக்குப் பிழைப்பாக இருந்த சைக்கிள் பேரனுக்கு விளையாட்டாக வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டு வகையையும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டியவன் நான். பழையதன் மேலுள்ள பாசத்தில் புதியதைக் குறை சொல்லவோ, புதியதன் மோகத்தில் பழையதை இரும்புக் கடைக்கு அனுப்பவோ எனக்கு மனமில்லை. என் கட்சி இதுதான்: இரும்புச் சைக்கிள் கடையிலிருந்து முழுசாக வந்தது, ஓட்டுகிறவர் தன் உடம்பை அதற்குப் பழக்கிக்கொண்டார். முன்னும் பின்னும் அப்சோர்பர் வைத்த முழு சஸ்பென்ஷன் சைக்கிளோ கடையிலிருந்து அரைகுறையாக வருகிறது. வாங்கியவர் தன் எடையையும் தான் போகும் பாதையையும் அதில் ஏற்றினால்தான் வேலை முடியும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பராமரிப்பின் மற்ற எல்லா வேறுபாடுகளும் கிளைக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் பல ஆயிரம் வெள்ளி கொட்டி வாங்கியவர்கள், ஸ்பிரிங்கே இல்லாத சைக்கிளைவிட மோசமாகக் குலுக்கும் ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் வம்சாவளி. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். எட்டு ஆண்டு கழித்து, 1896இல், தான் சாய் யான் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. சைக்கிள் டயர், பிறகு மோட்டார் டயர் என்று உலகத்துக்கு ரப்பர் தேவைப்பட்டதால்தான் நம் முன்னோரில் பலர் கப்பலேறினார்கள். சைக்கிளுக்கு வாய்த்த முதல் நல்ல அப்சோர்பர் அந்தக் காற்றடைத்த டயர்தான். அதற்குப் பால் வெட்டிக் கொடுத்தவர்கள், ராலே, ரட்ஜ், ஹம்பர், ஹெர்குலிஸ் போன்ற ஆங்கிலேய வண்டிகளிலும் ஜப்பானிலிருந்து வந்த மலிவு வண்டிகளிலும் அதே டயர் மேல் ஏறித்தான் தோட்டப் பாதைகளில் போய் வந்தார்கள்.

மலைச் சைக்கிளின் மூதாதையும் இது போன்ற கனத்த இரும்பு வண்டிதான். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிச் சென்று கீழே பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின் ஹப்புக்குள் இருக்கும். ஒரே இறக்கத்தில் அது சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' (மறுபடி அடைத்தல்) என்ற பெயர் வந்தது அதனால்தான். மலைச் சைக்கிள் பிறந்த அன்றே பராமரிப்பும் கூடவே பிறந்தது என்று இதை வைத்துத் தாராளமாகச் சொல்லலாம். 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்.எஸ்.1 முன் ஃபோர்க் வந்தது. 1990களில் பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் ஏறியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் ஒற்றுமைகளே முதலில் கண்ணில் படும். 28 அங்குல இரும்புச் சைக்கிளின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய 29 அங்குல மலைச் சைக்கிளுக்கு 622. ஹேண்டல்பாரைத் தாங்கும் முன்குழாய் பழைய வண்டியில் 66 முதல் 68 பாகை வரை சாய்ந்திருக்கும். 1990களின் மலைச் சைக்கிள்கள் 71 பாகை வரை நிமிர்ந்து நின்றன. இப்போது வருபவை திரும்பவும் 65, 66 பாகைக்குச் சாய்ந்துவிட்டன. காரணம் இரண்டு காலத்துக்கும் ஒன்றே. முன்சக்கரம் குழியில் விழும்போதும் சரளையில் சறுக்கும்போதும் ஹேண்டல்பார் கையிலிருந்து திருகிக்கொள்ளக் கூடாது. மோசமான பாதைக்கு எது பொருந்தும் என்பதை அந்தக் காலத்து வண்டிக்காரர்களும் அறிந்திருந்தார்கள்.

இரும்புச் சைக்கிளைச் சீர்படுத்துவது அரை மணி நேர வேலை. சீட்டை உயரத்துக்கு வைப்பது, பிரேக் கம்பிகளைச் சமன்செய்வது, செயின் தொய்வைப் பார்ப்பது. செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்து இந்த அரை அங்குலத்தைப் பார்க்க வேண்டும். பல்சக்கரம் மயிரிழை கோணலாக இருந்தாலும் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். இவ்வளவும் ஆனால் அந்த வண்டி யாருக்கும் ஓடும். அப்பா பால்வெட்டுக்கு எடுத்துப் போவார்; மாலையில் மகன் கடைக்குப் போவான்; பின் கேரியரில் அரிசி மூட்டை ஏறும், முன்பாரில் குழந்தை உட்காரும். எத்தனை எடை ஏறினாலும் வண்டியின் குணம் பெரிதாக மாறாது. தோல் சீட்டின் அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் இருக்கும். மீதி அதிர்வை முழங்காலும் முழங்கையும் வாங்கிக்கொள்ளும்.

முழு சஸ்பென்ஷன் சைக்கிள் ஒரே ஓர் ஆளுக்குரியது. அதன் ஸ்பிரிங் பெரும்பாலும் அடைத்த காற்று. அந்தக் காற்றின் அழுத்தம் ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்ப வைக்கப்பட வேண்டும். தோள்பை, தண்ணீர், ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் சேர்ந்த எடை. ஆள் ஏறி நின்ற மாத்திரத்தில், அசையாத நிலையிலேயே, ஸ்பிரிங் ஓரளவு அமிழ வேண்டும். பின் ஷாக்கில் அதன் நீளோட்டத்தில், அதாவது அது அமிழக்கூடிய முழு நீளத்தில், 25 முதல் 30 சதவீதம், முன் ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. ஏன் அமிழ வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். சக்கரம் மேட்டில் ஏறினால் மட்டும் போதாது, பள்ளத்துக்குள் இறங்கவும் வேண்டும். முன்கூட்டியே அமிழ்ந்திருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட முடியும். அமிழ்வே இல்லாமல் காற்றை இறுக்கி வைத்தால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தரையை விட்டு நிற்கும். பிரேக்கும் பிடிக்காது, வளைவும் எடுக்க முடியாது.

என் அக்காள் மகன் பழைய முழு சஸ்பென்ஷன் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டு வாரத்தில் சலித்துப்போய், "மாமா, இது என் பழைய சைக்கிள விட மோசமா குலுக்குது லா. ஷாக் செத்துப்போச்சு போல" என்றான். ஷாக் பம்பை மாட்டினேன். மீட்டரில் 210 பி.எஸ்.ஐ. காட்டியது. பையனின் எடை 60 கிலோ, அதாவது 132 பவுண்டு. பல பின் ஷாக்குகளுக்கு உடல் எடையைப் பவுண்டில் எடுத்து அதே எண்ணை பி.எஸ்.ஐ. ஆக வைத்துத் தொடங்கலாம் என்பது நடைமுறை. முன்னால் வைத்திருந்தவர் நல்ல கனத்த ஆள் என்று அந்த மீட்டரே சொன்னது. "ஷாக்குக்கு ஒண்ணும் இல்ல தம்பி, வேற ஆளோட எடை உள்ள உக்காந்திருக்கு" என்றேன்.

சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஷாக்கின் மேலுள்ள கறுப்பு ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, தோளைச் சுவரில் சாய்த்தபடி இரண்டு பெடலிலும் ஏறி நிற்கச் சொன்னேன். குதிக்காமல் மெல்ல இறங்கினான். வளையம் 5 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருந்தது. அந்த ஷாக்கின் நீளோட்டம் 50 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். காற்றைக் குறைத்து, ஷாக்கை நாலைந்து முறை மெல்ல அமுக்கி விட்டேன். உள்ளே நேரறை, எதிரறை என்று இரண்டு காற்றறைகள் உண்டு. அமுக்கினால்தான் இரண்டும் சமமாகும். திரும்ப ஏறி நின்று, திரும்ப அளந்து, வளையம் 15இல் வந்து நின்றபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்ததுமே அவனுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது.

ஷாக் பம்ப் பற்றி ஒரு குறிப்பு. பம்பை மாட்டும்போதெல்லாம் குழாயை நிரப்பக் கொஞ்சம் காற்று ஷாக்கிலிருந்து போகும். அதனால் நேற்று வைத்ததைவிட இன்று மீட்டர் குறைவாகக் காட்டும். கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் பெரும்பாலும் குழாய்க்குள் இருக்கும் காற்றுதான். இதை அறியாமல், காற்று இறங்கிவிட்டது என்று பயந்து மேலும் மேலும் அடிப்பவர்கள் நிறைய.

காற்று சரியானபின் சிவப்புத் திருகு. ஸ்பிரிங் அமிழ்ந்தபின் எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. வேகம் கூடினால் பின்பக்கம் ஆளை உதைத்துத் தூக்கும். குறைந்தால் ஒரு வேரிலிருந்து எழுவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும். அமிழ்ந்தது அமிழ்ந்தபடியே கிடந்து, நாலாவது வேரில் கட்டைபோல் இடிக்கும். டிராக்டர் ஓடி வரிவரியாய் இறுகிய செம்பனைத் தோட்டப் பாதையில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது நோய்தான். நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கிப் பாருங்கள். வண்டி ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் திருகை இறுக்குங்கள். மந்தமாக ஊர்ந்து எழுந்தால் தளர்த்துங்கள். காற்றழுத்தத்தை மாற்றினால் இந்தத் திருகையும் மாற்ற வேண்டும். காற்று கூடக் கூட எழும் விசையும் கூடும். அமிழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நீலத் திருகைக் கடைசியில் தொட்டால் போதும், தொடாமலே விட்டாலும் பெரிய நட்டமில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டயர். 28 அங்குல வண்டியின் டயர் ஒன்றரை அங்குலம். மூட்டை ஏற்ற வேண்டியிருந்ததால் கல்லாக அடித்து வைப்பார்கள். மலைச் சைக்கிள் டயர் 2.4 அங்குலம், டியூப் இல்லாமல் 20 முதல் 28 பி.எஸ்.ஐ. காற்றில் ஓடும். டயரில் காற்று மிகுந்திருந்தால் ஷாக்கை எப்படித் திருகினாலும் பயனில்லை. செம்பனைத் தோட்டத்தில் டியூப் இல்லாத டயர் அவசியமும்கூட. வெட்டிப் போட்ட மட்டையின் அடிப்பக்கத்து முள் டயரைச் சுலபமாகத் துளைக்கும்.

இங்கேதான் தாத்தாவின் தொழிலும் பேரனின் சைக்கிளும் நேரடியாகத் தொட்டுக்கொள்கின்றன. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் சீலண்டில் பலவற்றுக்கு மூலப்பொருள் ரப்பர் பால். தோட்டத்தில் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். சில சீலண்டுகளிலும் அது உண்டு, மூடியைத் திறந்ததும் அந்தக் காரமான வாடை மூக்கில் ஏறும். முள் குத்தியதும் காற்றோடு பாலும் ஓட்டைக்கு ஓடி, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் உறைவது ஓட்டையில் மட்டும் நடப்பதில்லை. நம் வெயிலில் டயரின் உட்சுவர் முழுக்க மெல்ல மெல்லக் காய்கிறது. சில மாதம் கழித்து டயரைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஒட்டுப்பால். பால் வடியும் மங்கிலிருந்து அதை உரித்தெடுத்தவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சக்கரத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். சளசளப்பு கேட்கவில்லையென்றால் வால்வின் நடுத்தண்டைக் கழற்றிப் புதிதாக ஊற்றுங்கள்.

பழைய முறையில் பஞ்சர் என்றால் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்து, தேய்த்து, சொலுஷன் தடவி, ஒட்டு. கால் மணியில் வண்டி கிளம்பும். அதுவும் முடியாவிட்டால் அப்படியே ஓட்டுவார்கள். 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படை சைக்கிளில்தான் பெருமளவு தெற்கே வந்தது. வெயிலில் டயர் வெடித்தபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். ஜப்பானிய வண்டிகள் ஏற்கெனவே மலாயாவில் விற்பனையானதால் உதிரிப்பாகமும் வழியெல்லாம் கிடைத்தது. அந்தப் படை நம் மக்களுக்குச் செய்த கொடுமையை மறந்து இதைச் சொல்லவில்லை. இரும்புச் சைக்கிள் எவ்வளவு புறக்கணிப்பைத் தாங்கும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியவில்லை. முழு சஸ்பென்ஷன் சைக்கிளில் பெரும்பாலும் அலுமினிய ரிம். காற்றில்லாமல் சிறிது தூரம் ஓட்டினாலே நசுங்கி வீணாகிவிடும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இரும்புச் சைக்கிள் வாயுள்ள பிள்ளை. பெடல் தண்டைப் பிடித்திருக்கும் கோட்டர் பின் தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று சொல்லும். செயின் காய்ந்தால் கிறீச்சிடும். சக்கர அச்சின் கோன் தளர்ந்தால் சக்கரம் ஆடுவது கண்ணுக்கே தெரியும். பெடல் அச்சுக்கூட்டின் மேலும் ஹப்பின் மேலும் சிறு எண்ணெய்த் துளை வைத்து மூடி போட்டிருப்பார்கள். மாதம் நாலு சொட்டு விட்டால் போதும். பின் ஹப்பில் கால் அங்குலக் குண்டுகள், முன் ஹப்பில் அதைவிடச் சின்னவை. இரண்டு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தால் எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, கோனை இறுக்கிச் சரிசெய்யலாம். தேய்மானத்தைத் திருகி ஈடுகட்டும்படி அந்த வண்டியை அமைத்திருந்தார்கள்.

முழு சஸ்பென்ஷன் சைக்கிள் தன் நோயைச் சொல்லாது. முன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்குள் இருப்பது சில மில்லிலிட்டர் எண்ணெய்தான். அது காய்ந்து அழுக்காகும்போது வெளியே எந்தச் சத்தமும் வராது. கொஞ்சம் கொஞ்சமாக ஃபோர்க் முரடாகும். அது தினமும் நடப்பதால் ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதற்குள் உள்ளே புகுந்த செம்மண் தூசி பளபளப்பான குழாயின் மேற்பூச்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும். பூச்சு போய்விட்டால் திரும்ப வராது. அந்தப் பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும், அது பெரும் செலவு. ஆகவே காதை நம்பாமல் மணிக்கணக்கை நம்ப வேண்டும். ராக்‌ஷாக்ஸ் கீழ்க்கால்களுக்கும் பின் ஷாக்கின் காற்றுக்கூட்டுக்கும் 50 மணி நேரம் என்கிறது. உள்ளே முழுச் சர்வீசுக்கு 200 மணி. ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது, என்கிறது. வாரத்தில் இரண்டு நாள் இரண்டிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 50 மணி என்பது மூன்று மாதம். அந்தக் கணக்கைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

இந்த எண்களும் நம் ஊரை நினைத்துப் போடப்பட்டவை அல்ல. மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை. மலாக்கா நீரிணையிலிருந்து விடியலில் 'சுமத்ரா' புயல்மழை அடித்துவிட்டுப் போனபின் பாதையெல்லாம் செஞ்சேறு. தஞ்சோங் கிளிங் போன்ற கரையோர ஊரில் காற்றிலேயே உப்பு. ஒரே ஒரு சலுகை நமக்கு உண்டு. குளிர்நாடுகளில் கோடைக்கும் குளிருக்கும் இடையே ஷாக் காற்று ஏறி இறங்கும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 3 சதவீதம் மாறும். இங்கே வெயில் ஆண்டு முழுவதும் ஒரே அளவு. ஒரு முறை சரியாக வைத்தால் சீல் நன்றாக இருக்கும்வரை நிற்கும்.

உப்பு முதலில் தாக்குவது பின்பக்க மூட்டுகளை. ஃபிரேமின் பின்பாதி ஏறி இறங்க எட்டு, பத்து பேரிங்குகள் வேலை செய்கின்றன. ஹப் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும், கிரீஸ் பரவும். மூட்டுப் பேரிங் சில பாகைதான் அசையும். குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழும், கிரீஸ் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், தண்ணீர் நடுவில் தேங்கும். அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் போல்ட் உள்ளேயே இறுகிப்போகும். சைக்கிளைச் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழுமுன் கையில் சிறிய 'கடக்' உணர்ந்தால் மூட்டு போய்விட்டது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, கடலோரத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எல்லா மூட்டையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, டார்க் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். பழைய வண்டியை இறுக்கக் கை மதிப்பு போதும்; இங்கே போல்ட் தலைக்குப் பக்கத்திலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருக்கிறார்கள்.

கார் கழுவும் கடையில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரில் சைக்கிளைக் காட்டாதீர்கள். சேறு போகும், அதோடு சீலைத் தாண்டித் தண்ணீரும் மூட்டுக்குள் போகும். வாளித் தண்ணீர், பிரஷ், காய்ந்த துணி போதும். இரும்புச் சைக்கிளில் துரு வெளியே, ரிம்மிலும் கைப்பிடிக் கம்பியிலும் தெரியும். எண்ணெய்த் துணியால் துடைத்துவிடலாம். புதியதில் துரு உள்ளே இருக்கிறது.

செயினில் வெற்றி பழையதற்கே. நல்ல ராலே வண்டிகளில் செயின் முழுவதும் தகரக் கூட்டுக்குள் ஓடியது. மண்ணும் மழையும் தொடாது, பல ஆண்டு உழைத்தது. மலைச் சைக்கிள் செயின் திறந்து கிடக்கிறது, போதாக்குறைக்கு மெலிந்ததும்கூட. ஆனால் இரண்டுக்கும் கண்ணி இடைவெளி ஒன்றே: அரை அங்குலம். அதனால் தேய்மானத்தைப் பார்க்கும் முறையும் ஒன்றே. சாதாரண அடிக்கோலை ஒரு பின்னின் நடுவில் வைத்துப் பிடியுங்கள். 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் அரை சதவீதம் நீண்டுவிட்டது. 11, 12 கியர் வண்டியில் அப்போதே மாற்றிவிடுங்கள். தாமதித்தால் பின்பற்களையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

பிரேக்கைப் பற்றி வாதமே இல்லை. நனைந்த எஃகு ரிம்மில் கம்பி பிரேக் பிடிப்பது பெயருக்குத்தான். மழையில் தோட்டத்து இறக்கங்களில் செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். டிஸ்க் பிரேக் ஒரு விரலில் நிற்கும். ஒன்று மட்டும்: டாட் வகைத் திரவம் போட்ட பிரேக் என்றால் அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். ஷிமானோ போன்றவற்றில் மினரல் ஆயில். அதற்கு இந்தத் தொல்லை குறைவு. ஒன்றுக்குள்ளதை மற்றொன்றில் ஊற்றினால் சீல் எல்லாம் கெட்டுவிடும்.

வேலையை யார் செய்வது என்பதும் கேள்விதான். இரும்புச் சைக்கிளை எந்தப் பட்டணத்துச் சைக்கிள் கடையிலும் கொடுக்கலாம், வீட்டிலும் பார்க்கலாம். புதியதில் கீழ்க்கால் எண்ணெய் மாற்றுவது, காற்றுக்கூடு துடைப்பது, மூட்டுக்குக் கிரீஸ் வைப்பது ஆகியவற்றை வீட்டில் கற்றுக்கொள்ளலாம். இளைஞர்கள் கற்றுக்கொள்ளவும் வேண்டும். ஷாக்கின் உட்பகுதியை மட்டும் பிரிக்காதீர்கள். பலவற்றில் நைட்ரஜன் உயர் அழுத்தத்தில் அடைத்திருக்கிறது. அதற்குத் தனிக் கருவி வேண்டும், தெரியாமல் திறந்தால் ஆபத்து. எல்லாக் கடையும் அந்த வேலையைச் செய்வதில்லை, விசாரித்துக் கொடுங்கள்.

கோலாலம்பூர் புக்கிட் கியாராவைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நாட்டின் பேர்போன மலைச் சைக்கிள் பாதைகளில் ஒன்றான அதுவும் முன்பு ரப்பர் தோட்டம். வேரும் கல்லும் செங்குத்து இறக்கமும் நிறைந்த அந்தப் பாதையில் முழு சஸ்பென்ஷனின் அருமை தெரியும். சக்கரம் தரையை விடாது, கை ஓயாது. அங்கே ஓட்டப் போகிற நம் பிள்ளைகள், அந்தத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் நிலையான வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் போராடியதையும் அறிந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

மலாக்காவின் சமதளச் செம்பனைப் பாதைகளில் மட்டும் ஓட்டப் போகிறவருக்கு என் தீர்ப்பு வேறு. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். அகலமான டயரில் சரியான காற்று இருந்தால் அந்தப் பாதையின் அதிர்வில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். மூட்டு பேரிங் இல்லை, பின் ஷாக் இல்லை, உப்புக்கு இரையாக எட்டு இடம் இல்லை. கியாரா போன்ற பாதைக்கு அடிக்கடி போகிறவர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு பிற்பகலை வண்டிக்கென்று ஒதுக்கக்கூடியவர்கள், முழு சஸ்பென்ஷன் வாங்கலாம்.

ஏற்கெனவே ஓட்டிய முழு சஸ்பென்ஷன் சைக்கிளை வாங்குகிறவர்கள் ஃபோர்க் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மூட்டு ஆடுகிறதா, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று கேளுங்கள். வாங்குகிற அன்றே ஒரு ஷாக் பம்பையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் எடைக்குக் காற்றை வைத்த பிறகு முதல் ஓட்டத்துக்குப் போங்கள்.